பெரியபிள்ளையாவது வருத்தமல்ல

தரம் 7இல் படிக்கும் என் தங்கை ஒருநாள் பாடசாலை விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டதென்று நினைத்திருக்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நானும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் 9 முதல் 15 வயதுக்குள், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சூலகங்களைத் தூண்டுகிறது. சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் என்ற ஓமோனால் மார்பு வளரும், உயரம் கூடும். சூலகத்தில் ஒரு சூல் முதிரும்போது, கருவைத் தாங்கவென்று கருப்பையின் உட்படை தடிக்கும். கரு உண்டாகாவிட்டால் அந்தப் படை இரத்தத்தோடு கழியும். அதுவே மாதவிடாய். அது "கெட்ட இரத்தம்" அல்ல. உடலில் ஓடும் அதே இரத்தம்தான்.

புத்தகத்தில் வட்டம் 28 நாள். தங்கைக்கோ இரண்டாம் முறை 43 நாள் கழித்தே வந்தது. உம்மா பயந்துபோனார். முதல் இரண்டு மூன்று வருடங்களில் 21 முதல் 45 நாள் வரை மாறுவது வழமை. மூன்று மாதம் வராவிட்டாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு நப்கின் நனைந்தாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அந்த நாட்களில் குளிக்கக்கூடாது, மீன் கூடாது என்றார் உம்மும்மா. ஊரின் பெயரே தண்ணீரூற்று, குளிக்காமல் எப்படி? குளிக்கலாம், குளிக்கவும் வேண்டும். இழந்த இரும்புச்சத்துக்கு மீனும் முருங்கையிலையும் நல்லவை. தேசிப்புளி சேர்த்தால் சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். மீனுக்கு உம்மும்மா சம்மதித்துவிட்டார். தேநீரை மட்டும் அவரால் விடமுடியவில்லை.