கழிவுநீரும் கமமும்

கமக்காரர்களே,

நீரின்றிப் பயிர் இல்லை. ஆயினும் வாய்க்காலில் வரும் நீர் யாவும் பயிருக்கு ஏற்றதன்று. அக்குறணைக் கடைவீதியை ஒட்டி ஓடும் பிங்கா ஓயா மகாவலி கங்கையிற் கலக்கின்றது. பெருமழைக் காலத்தில் அது கரை கடந்து கடைவீதியினுட் புகுவதை அவ்வூரார் நன்கறிவர். அவ்வேளையில் மலக்குழிகளிலும் வடிகால்களிலும் உள்ள அழுக்கு வெள்ளத்தோடு கலந்து, தாழ்ந்த வயல்களிலும் தோட்டங்களிலும் படியக்கூடும்.

கண்டியின் ஏற்பாடு

கண்டி வாவியின் மிகைநீரைக் கொண்டு செல்லும் மெத எல, நெடுங்காலமாக நகரின் அழுக்கையும் மகாவலியிற் சேர்த்து வந்தது. இக்கேட்டைக் குறைக்கும் பொருட்டு, 2010 ஆம் ஆண்டில் ஜப்பானுடன் கடனுடன்படிக்கை செய்யப்பட்டு, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர், அதாவது 1 கோடியே 40 இலட்சம் லீற்றர் கழிவுநீரைச் சுத்திகரிக்கத்தக்கதாக அது திட்டமிடப்பட்டது.

இத்தகைய நிலையங்களில் முதலிற் குப்பையும் மணலும் அகற்றப்படும். பின்னர் நீரினுட் காற்றுச் செலுத்தப்படும். காற்றினால் பெருகும் நுண்ணுயிர்கள் கரைந்துள்ள அழுக்கை உணவாகக் கொள்ளும். அவை சேறாக அடியிற் படிந்தபின், தெளிந்த நீர் கிருமிநீக்கம் செய்யப்பட்டு ஆற்றில் விடப்படும்.

இத்திட்டம் கண்டி நகருக்கென அமைந்தது. ஆகவே, சுற்றுப்புற ஊர்களின் கமக்காரர் தம் பயிரைத் தாமே காத்தல் வேண்டும்.

செழிப்பைக் கண்டு மயங்கற்க

சாக்கடை நீர் பாய்ந்த பாத்தியிற் கீரை கரும்பச்சையாகத் தழைக்கும். அந்நீரிலுள்ள நைதரசனும் பொசுபரசுமே அதற்குக் காரணம். ஆனால் அதே நீரில் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளும், குடற்புழுக்களின் முட்டைகளும் உள்ளன. வட்டப்புழுவின் முட்டை மண்ணிற் பல மாதங்கள் உயிரோடிருக்கும். வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரும், அங்கு விளையாடும் குழந்தைகளுமே முதலில் துன்புறுவர்.

நெல்லிலும் தீங்குண்டு. நைதரசன் மிகுந்தால் பயிர் மிகையாக வளர்ந்து சாயும், பதர் பெருகும், எரிபந்த நோயும் கபில நிறத் தத்தியும் எளிதிற் பரவும்.

பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில், 100 மில்லிலீற்றருக்கு மலக்கிருமிகள் 1,000 இற்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1989 இல் அறிவுறுத்தியது. லீற்றருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் இருத்தலும் கூடாது என்றது. நீர் தெளிவாகத் தோன்றுவது மட்டும் இதற்குச் சான்றாகாது.

கைக்கொள்ள வேண்டியவை

1. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை வல்லாரை, சலாது, கீரை ஆகியவற்றுக்கு ஒருபோதும் பாய்ச்சாதீர்கள். இவற்றுக்குக் கிணற்று நீரையோ மழைநீரையோ ஒதுக்குங்கள்.

2. ஐயத்துக்குரிய நீரன்றி வேறு நீர் இல்லையெனின், அதனைக் குழியிலே சில நாட்கள் அசையாது தேக்கி வையுங்கள். புழுமுட்டைகள் பெரும்பாலும் அடியிற் படியும். அடிச்சேற்றைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுங்கள்.

3. அந்நீரை இலைமேல் தெளியாது, வேரடியிற் பாய்ச்சுங்கள். அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாகவே நிறுத்துங்கள். வெயிலாலும் உலர்வாலும் கிருமிகள் நாளுக்கு நாள் மடியும்.

4. அறுத்த மரக்கறியை ஓயாவிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். சுத்தமான நீரிற் கழுவிய பின்னரே சந்தைக்கு அனுப்புங்கள்.

5. கழிவுநீர் கலக்கும் வயலுக்கு வழக்கமான அளவில் யூரியா இடாதீர்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

6. மலக்குழிச் சேற்றைப் பசளையாக இடாதீர்கள். புழுமுட்டைகள் தங்குமிடம் அதுவே.

7. வயலில் இறங்கும்போது காலணி அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரத்தினாற் கைகால்களைக் கழுவுங்கள்.

உங்கள் பாத்தியில் விளைந்த கீரையை அயலாரின் குழந்தையும் உண்ணும், உங்கள் குழந்தையும் உண்ணும். நீரைப் பேணுவோர் இரு வீட்டாரின் நலத்தையும் பேணுவோராவர்.