ஐந்து கார்பன் கீட்டோன்: மாற்றியங்களை ஒன்றும் விடாமல் எழுதுவது எப்படி?

அசிட்டோனுக்கும் பியூட்டனோனுக்கும் கீட்டோன் வகையிலேயே வேறொரு மாற்றியம் கிடையாது. கார்பன் எண்ணிக்கை ஐந்தைத் தொட்டதும் நிலைமை மாறிவிடுகிறது. பிளஸ் ஒன் மாணவர்கள் தடுமாறத் தொடங்குவதும் அங்கேதான். ஆகவே 5 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் கொண்ட வாய்பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஹைட்ரஜனை எண்ணுங்கள். நிறைவுற்ற 5 கார்பன் சங்கிலிக்கு 12 ஹைட்ரஜன் வேண்டும். இங்கே 2 குறைகிறது. அப்படியென்றால் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இருந்தாக வேண்டும். கீட்டோனில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான இரட்டைப் பிணைப்பே அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். மீதிச் சங்கிலியில் வேறு இரட்டைப் பிணைப்பு போடக்கூடாது.

அடுத்து, கார்பனைல் தொகுதியைத் தாளின் நடுவில் எழுதுங்கள். ஒரு கார்பன் அதற்கே போய்விட்டது. மீதி 4 கார்பனை இடமும் வலமுமாகப் பங்கிட வேண்டும். கீட்டோன் என்பதால் எந்தப் பக்கமும் கார்பன் இல்லாமல் இருக்கக்கூடாது. 1+3, 2+2, அவ்வளவுதான். 3+1 என்பது 1+3-ஐத் திருப்பிப் போட்டதே. இதைக் கவனிக்காதபோதுதான் விடைத்தாளில் பென்டன்-4-ஓன் என்று ஒன்று முளைக்கிறது. மறுமுனையிலிருந்து எண்ணினால் அது பழைய பென்டன்-2-ஓன்தான்.

2+2 தருவது பென்டன்-3-ஓன். 1+3-இல் மூன்று கார்பன் தொகுதி நேராகவும் இருக்கலாம், கிளைத்தும் இருக்கலாம். நேரானது பென்டன்-2-ஓன், கிளைத்தது 3-மெத்தில்பியூட்டன்-2-ஓன். ஆக மொத்தம் 3 கீட்டோன்கள்.

இப்போது ஒரு பக்கத்தில் கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனை வையுங்கள், ஆல்டிஹைடு கிடைக்கும். மறுபக்கம் சேரும் 4 கார்பனை நான்கு விதமாக அமைக்கலாம். பென்டனேல், 2-மெத்தில்பியூட்டனேல், 3-மெத்தில்பியூட்டனேல், 2,2-டைமெத்தில்புரோப்பனேல்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே வகைப்பெயருக்குப் போங்கள். மாற்றியம் என்பது இரண்டு சேர்மங்களுக்கு இடையிலான உறவு. யாருக்கு மைத்துனர் என்று சொல்லாமல் ஒருவரை மைத்துனர் என்றால் பொருள்படாது, இதுவும் அப்படித்தான். எனவே இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுங்கள். பென்டன்-2-ஓனும் 3-மெத்தில்பியூட்டன்-2-ஓனும் கார்பன் சட்டகத்தில் வேறுபடுகின்றன: சங்கிலி மாற்றியம். பென்டன்-2-ஓனும் பென்டனேலும் வினைச்செயல் தொகுதி மாற்றியங்கள். வளையமுள்ள சைக்ளோபென்டனாலும் இதே வாய்பாடுதான், அதையும் மறந்துவிடாதீர்கள்.

சிக்கல் பென்டன்-2-ஓனும் பென்டன்-3-ஓனும் சேரும்போது வருகிறது. கார்பனைலின் இடம் மாறியிருப்பதைப் பார்த்தால் இட மாற்றியம். அதன் இருபுறமும் மெத்தில்-புரோப்பைல் என்பது எத்தில்-எத்தில் ஆனதைப் பார்த்தால் இணை மாற்றியம். பாடநூல்கள் இதில் ஒரே மாதிரி சொல்வதில்லை. மாற்றத்தை முதலில் ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு வகைப்பெயரை எழுதுவதே நல்லது என்பேன். காரணம் சரியாக இருக்கும் விடை வலுவானது.

இயங்குச் சமநிலை மாற்றியத்தைத் தனியே வையுங்கள். மற்றவை குப்பியில் அப்படியே கிடக்கும். கீட்டோ வடிவமும் ஈனால் வடிவமும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். எழுதுவதற்கு, கார்பனைலை ஒட்டிய கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்து ஆக்சிஜனில் சேர்த்து, இரட்டைப் பிணைப்பை இரு கார்பன்களுக்கு இடையே கொண்டுவாருங்கள். பென்டன்-2-ஓனில் இருபுறமும் இதைச் செய்யலாம். பென்ட்-1-ஈன்-2-ஆல், பென்ட்-2-ஈன்-2-ஆல் என இரண்டு ஈனால்கள் வரும். சாதாரணக் கீட்டோன்களில் ஈனாலின் பங்கு மிக அற்பம். இரண்டு கார்பனைல் கொண்ட அசிட்டைல் அசிட்டோனிலோ ஈனாலே பெரும்பான்மை.

தாளில் எழுதியதை ஆய்வகத்திலும் பார்க்கலாம். டாலன்ஸ் கரணி நான்கு ஆல்டிஹைடுகளுக்கும் வெள்ளி ஆடி தரும், கீட்டோன்களுக்குத் தராது. அயடோஃபார்ம் சோதனையில் மஞ்சள் வீழ்படிவு கொடுப்பவை கார்பனைலோடு மெத்தில் ஒட்டியிருக்கும் இரு கீட்டோன்கள் மட்டுமே, பென்டன்-3-ஓன் கொடுக்காது. அந்த இரண்டையும் கொதிநிலையால் பிரித்தறியலாம்: பென்டன்-2-ஓன் ஏறக்குறைய 102 டிகிரி செல்சியஸ், கிளைத்தது 94.

முறை கைவந்துவிட்டதா என்று பார்க்க 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜனில் கீட்டோன்களை மட்டும் எழுதுங்கள். பங்கீடு 1+4, 2+3. முதலாவதில் 4, இரண்டாவதில் 2, மொத்தம் 6 வர வேண்டும். ஏழாவது ஒன்று வந்தால், ஏதோ ஒன்றைத் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். பெயரிட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.