காய்ச்சி அடித்த உலோகமும் நீடித்த உழைப்பும்



காரின் வேகத்தைப் பற்றிப் பேசாத மாணவர் அரிது. அந்த வேகத்தைத் தாங்கும் உலோகத்தைப் பற்றி நாம் இங்கே சிறிது கற்போம்.

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் மெல்பேண் நகரில் போர்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். அவ்வாண்டில்தான் புதிய விதியொன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே எஞ்சின் இரண்டு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டியிருந்தது. இடையில் மாற்றியவர் புறப்படும் வரிசையில் பத்து இடங்கள் பின்தள்ளப்பட்டார். வேகத்தோடு ஆயுளும் வேண்டும் என்பதே அவ்விதியின் பொருள்.

எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. இணைப்புத் தண்டு அந்த அசைவைக் கிராங்க் தண்டுக்குக் கொண்டுசென்று சுழற்சியாக மாற்றுகின்றது. அக்காலப் பந்தய எஞ்சின்கள் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகளுக்கு மேலும் சுழன்றன. 18,000 என்று கொண்டால் விநாடிக்கு 300 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இருமுறை நின்று திரும்புவதால், விநாடிக்கு 600 முறை அது நிறுத்தப்படுகிறது. ஓர் எஞ்சினின் சுழற்சி மும்மடங்கானால், இவ்வாறு நிறுத்தித் திருப்பும் விசை ஒன்பது மடங்காகும்.

இவ்விசையைத் தாங்கும் உறுப்புகளை எவ்வாறு ஆக்குவது? உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது வார்ப்பு. அதனுள் நுண்ணிய காற்றுத் துளைகள் தங்கிவிடக்கூடும். உலோகத்தை உருக்காமல், சூடேற்றி, பேரழுத்தத்தில் அச்சுகளுக்கிடையே நெரித்து வடிவமாக்குவது காய்ச்சி அடித்தல். நம் ஊர்க் கொல்லர் உலைக்களத்தில் செய்ததும் இதுவே. இம்முறையில் உலோகத்தின் உள்ளோட்டம் உறுப்பின் வடிவத்தைத் தொடர்ந்து செல்கிறது. நாரோட்டத்துக்கு இசைவாகச் செதுக்கிய கோடரிப்பிடி எளிதில் முறியாதது போன்றதே இதுவும்.

ஆயினும் வலிமை வேறு, ஆயுள் வேறு. ஒருமுறை தாங்கும் சுமையையே பல்லாயிரம் முறை தாங்க நேர்ந்தால் உலோகமும் களைத்துப்போகும். சிறு கீறலொன்று மெல்ல வளர்ந்து, ஒருநாள் திடீரென முறியும். இக்களைப்பின் கொடுமையை நோர்வே நன்கறியும். 1980 மார்ச் 27ஆம் திகதி வடகடலில் அலெக்சாண்டர் ஷெலான் மிதவைமேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். தாங்குகுழாய் ஒன்றில், ஒரு சிறிய பற்றவைப்பருகே தோன்றிய கீறலே அதன் தொடக்கம்.

காய்ச்சி அடித்த பிஸ்டனுக்கும் ஒரு குறையுண்டு. அதற்குப் பயன்படும் சில அலுமினியக் கலப்புலோகங்கள் சூட்டில் அதிகம் விரிவன. அதனால் உருளைச் சுவரோடு கூடுதல் இடைவெளி விடுவர். ஒஸ்லோவின் உறைபனிக் காலையில் அத்தகைய எஞ்சின் சூடேறும்வரை தட்டும் ஓசை எழுப்பும். அப்போதே விரைந்து செலுத்தினால் தேய்மானம் மிகும். உயர்ந்த உலோகமும் பொறுமையாகப் பேணுவோரிடமே நெடுநாள் உழைக்கும்.

2005இல் ஸ்பெயினின் அலொன்சோவும் பின்லாந்தின் ரைக்கோனனும் தலா ஏழு பந்தயங்களில் வென்றனர். ரைக்கோனனோ எஞ்சின் மாற்றத்தால் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் இத்தாலியிலும் பத்துப் பத்து இடங்களை இழந்தார். உலகப் பட்டம் அலொன்சோவுக்கே சென்றது.

2024இல் நோர்வேயில் புதிதாகப் பதிவான கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். பிஸ்டன் மறையலாம், ஆனால் அச்சுத் தண்டும் பாலமும் விமானச் சிறகும் உள்ளவரை உலோகக் களைப்பு மறையாது. அதை ஆராயும் பொறியியலாளர் நம் வகுப்பிலிருந்தும் வரட்டும்.

பயிற்சி: நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு பிஸ்டன் விநாடிக்கு எத்தனை முறை நின்று திரும்பும்? கணக்கிட்டு, பெற்றோருக்குத் தமிழிலேயே விளக்கிக் கூறுக.