மேகசினை நிரப்பி வைப்பதா, இறக்கி வைப்பதா?

காவல் பணிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பரவி வருகிறது. தோட்டா நிரப்பிய மேகசினை வாரம் தவறாமல் காலி செய்து, மறுபடி நிரப்புகிறார்கள். கேட்டால், "ஸ்பிரிங் அமுங்கியே கிடந்தா செத்துப்போகும்னு அப்பா சொன்னாருங்கய்யா" என்கிறான் ஒருவன். அப்பா பட்டாளத்துக்காரர். இன்னொருவனுக்கு ஃபோன் வீடியோதான் வேதம். இருவருமே மேகசினின் அடித்தட்டைக் கழற்றி உள்ளே பார்த்ததில்லை.

வீட்டிலுள்ள உரிமத் துப்பாக்கி என்றால் மேகசின் காலி, தோட்டா தனிப் பூட்டில். அது ஸ்பிரிங்குக்காக அல்ல, குழந்தைகளின் உயிருக்காக. காவலில் நிற்கும் ஆயுதம் என்றால் நிரம்பித்தான் இருக்க வேண்டும். முழுக்க நிரப்பினால் நெருக்கும் மேகசின் என்றால் ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளலாம். ஸ்டென் துப்பாக்கியின் 32 தோட்டா மேகசினில் 30 போட்டதும், வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கியின் 20 தோட்டா மேகசினில் 18 போட்டதும் அந்த வழிதான்.

நான் பயப்படுவது இந்த வாராந்திரச் சடங்குக்கு. நல்ல எஃகு ஸ்பிரிங், தாங்கும் அளவுக்குள் அமுங்கியிருக்கும்வரை களைப்பதில்லை. புதிதில் சற்றே நீளம் குறையும். பிறகு அப்படியே நின்றுவிடும். பல்லாயிரம் முறை அமுங்கி விரிவதுதான் அதைக் களைக்க வைக்கும். வருடத்துக்கு 52 தடவை இறக்கி ஏற்றுவதால் ஸ்பிரிங் செத்துவிடாது, உண்மைதான். ஆனால் பிழைக்கப்போவதும் இல்லை. அதற்கு விலையாக வியர்வைக் கை தோட்டாவில் படுகிறது, மேகசின் கைதவறி விழுகிறது. ஆயுதத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் விபத்துக்கு ஒரு வாசல்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இந்தச் சடங்கை விடாமல் செய்தார்கள். சிமெண்டுத் தரையில் விழுந்து விழுந்து, தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பு வளைந்துபோயிருந்தது. சுடும் நாளில் தோட்டா குறுக்கே சிக்கிக்கொண்டது. ஸ்பிரிங் அன்றும் நன்றாகத்தான் இருந்தது. விளிம்புதான் முக்கியம் என்பதால், அன்றிலிருந்து என் கை எஃகு மேகசினைத்தான் தேடும். பிளாஸ்டிக்கில் நீண்ட நாள் அழுத்தத்தில் அந்த விளிம்பு மெல்ல விரியக்கூடும். அந்த அழுத்தத்தைக் குறைக்கவே சில மேகசின்களுக்கு மூடி தருகிறார்கள். அதைத் தொலைக்காதீர்கள்.

ஆகவே பிள்ளைகளே, மேகசினுக்குப் பெயின்டால் எண் போடுங்கள். ஒரு நோட்டு வையுங்கள். எந்த எண்ணில் சிக்கல், கடைசித் தோட்டா சோம்பி ஏறுகிறதா, துருவா, நசுங்கலா என்று எழுதுங்கள். ஸ்பிரிங் சோர்ந்தது உறுதியானால் மாற்றுங்கள். அது மாற்றுவதற்கென்றே உள்ள பாகம். அப்பா சொன்னதையும் வீடியோ சொன்னதையும் அந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயுதம் பராமரிக்கும் இந்த வேலை எல்லோருக்கும் கைவராது. கைவருபவன் அவசரப்படுவதில்லை, ஆறு மாதம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பான். உங்களிடம் அந்தப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஆயுதக்கிடங்குச் சாவியை உங்களை நம்பிக் கொடுக்கலாம்.