பின்சக்கரத்துக்கு அகல டயரா?

வீரசோழன் பக்கம் மழைக்குப் பிறகு கரிசலில் பொலேரோ சறுக்கினால், ரிம்மை அறுத்து இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்து, பின்னால் அகல டயர் மாட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். சேற்றில் பிடிப்பைத் தருவது ஆழமான பட்டன். அகலம் அதற்குப் பிறகுதான். அதே அளவில் பட்டன் உள்ள டயரே போதும்.

பட்டையை உள்பக்கம் சேர்த்தால் டயர் ஸ்பிரிங்கில் உரசும். வெளிப்பக்கம் சேர்த்தால் பேரிங்குக்குச் சுமை. வெல்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் டியூப்லெஸ்ஸில் காற்று நிற்காது. அலாய் வீலில் இந்த வேலையே கூடாது. டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டு வைக்கவே விடாதீர்கள்: சூட்டில் டயர் வெடித்து உயிர் போயிருக்கிறது.

215/75 ஆர்15-க்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் டயர் 30 மி.மீ. உயரும், மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.5-இல் ஓடும். முன்னும் பின்னும் வேறு அளவானால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் பொருந்தாது. கருவேலமுள் நிறைந்த இந்தச் சீமையில் அது பெரிய தொல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.