வலியின் மொழி

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது பழமொழி. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. ஆனால், வலியை நேரடியாக அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. நோயாளி சொல்லும் சொற்களையே மருத்துவர் பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

அச்சொற்களை முறையாகத் திரட்டியவர்களுள் ஒருவர் ரோனல்ட் மெல்சாக். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளரான இவர், 1975ஆம் ஆண்டில் ‘மெக்கில் வலி வினாப்பட்டியலை’ வெளியிட்டார். வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்கள் அதில் 20 பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நோயாளி தம் வலிக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுப்பார். அவற்றைக் கொண்டு மருத்துவர் வலியின் தன்மையையும் கடுமையையும் அறிந்துகொள்வார்.

இந்த வினாப்பட்டியல் பின்னர்ப் பல மொழிகளுக்குச் சென்றது. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாதா? போதாது. ‘ஷூட்டிங்’ என்னும் சொல் அப்பட்டியலில் உள்ளது. திடீரெனத் தோன்றி, மின்னல்போல் பாயும் வலியை அது குறிக்கும். அதனைச் ‘சுடும் வலி’ என்று தமிழில் எழுதினால், படிப்பவர் நெருப்பின் சூட்டையே நினைப்பார். காலில் ‘சுரீர்’ என்று வலி பாயும் நோயாளி அச்சொல்லைத் தேர்ந்தெடுக்கமாட்டார். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கான குறிப்பு மருத்துவரின் கவனத்திற்கு வராமலே போய்விடக்கூடும்.

இத்தகைய பிழைகளைத் தவிர்க்க ஆய்வாளர்கள் சில படிநிலைகளைப் பின்பற்றுகின்றனர். முதலில், மொழிபெயர்ப்பாளர் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கின்றனர். அவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவம் உருவாக்கப்படுகிறது. அடுத்து, மூலத்தைப் பார்த்திராத வேறு சிலர் அதனை மீண்டும் மூலமொழிக்கு மாற்றுகின்றனர். ‘பாயும் வலி’, ‘எரியும் வலி’யாகத் திரும்பி வந்தால் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். பின்னர், மருத்துவர்களும் மொழி வல்லுநர்களும் அடங்கிய குழு ஒவ்வொரு சொல்லையும் ஆராய்கிறது.

சொல் சரியாக இருந்தாலும் வாழ்க்கைமுறை மாறுபடலாம். மூட்டுவாத நோயாளிகளுக்காக அமெரிக்காவில் உருவான ஒரு வினாப்பட்டியல், குளியல் தொட்டியில் குளிக்க முடிகிறதா என்று கேட்கிறது. வாளியிலிருந்து நீரை மொண்டு குளிப்பவர் இதற்கு என்ன விடை எழுதுவார்? ‘முடியாது’ என்று அவர் குறித்தால், காரணம் வலியா, வீட்டில் தொட்டி இல்லாததா என்பது விளங்காது. ஆகவே, நோயாளிகள் சிலரிடம் வினாக்களைக் கொடுத்து, அவற்றை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று கேட்டறிந்து, தேவையான மாற்றங்களைச் செய்கின்றனர்.

இறுதியாக, வினாப்பட்டியலே ஒரு தேர்வை எழுத வேண்டும்! வலியில் மாற்றமில்லாத நோயாளிகளிடம் சில நாள் இடைவெளியில் அதே வினாக்கள் மீண்டும் கேட்கப்படுகின்றன. விடைகள் பெரிதும் வேறுபட்டால் அப்பட்டியலை நம்ப முடியாது. வலியை மதிப்பிட ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள வேறொரு முறையோடும் அதன் முடிவுகள் ஒப்பிடப்படுகின்றன.

தமிழில் குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு என வலியைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. “முழங்கால் குடையுது, டாக்டர்” என்று ஒரு பாட்டி சொல்வதை வெறும் ‘வலி’ என்று குறித்துக்கொண்டால், அவர் சொன்னதில் பாதி தொலைந்துவிடும். அவருடைய சொல்லுக்கும் இடம் தரும் வினாப்பட்டியலே, அவர் படும் துன்பத்தை உள்ளபடி மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்.