நாற்காலியில் அமருமுன் ஒரு பாடம்



அறிவியல் மாணவன் ஒருவன் எழுதினால் அணுவைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானோ இம்முறை பள்ளிக்கூட ஆட்சியைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். அதற்குக் காரணம் இருவர். ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழும் என் அக்கா. மற்றவன், சென்ற ஆண்டு நம் மன்றத்தின் பொருளாளனாக இருந்த நானே.

அக்காவின் மகள் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு 'சார்ட்டர்' பள்ளியில் பயில்கிறாள். பட்டயப் பள்ளி என்று நாம் அதனை வழங்கலாம். சென்ற ஆண்டு அப்பள்ளியின் ஆட்சிக்குழுவுக்குப் பெற்றோர் சார்பில் அக்கா தேர்ந்தெடுக்கப்பட்டார். "இனிப் பள்ளியை நீதான் நடத்தப் போகிறாயா, அக்கா?" என்று தொலைபேசியில் கேலி செய்தேன்.

"இல்லை, தம்பி. நடத்துகிறவர்களைக் கேள்வி கேட்கப் போகிறேன். எப்படிக் கேட்பது என்று படிக்க முதலில் வகுப்புக்குப் போகிறேன்" என்றார். அவர் அங்கே கற்றதைத்தான் இங்கே உங்களுக்குப் பாடமாகத் தருகிறேன்.

பட்டயப் பள்ளி என்பது யாது?

அமெரிக்காவில் இவ்வகைப் பள்ளிகளுக்கு முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் மின்னசோட்டாதான். ஆண்டு 1991. அடுத்த ஆண்டே, 1992-இல், செயின்ட் பால் நகரில் 'சிட்டி அகாடமி' என்னும் முதற் பள்ளி திறக்கப்பட்டது. இப்பள்ளிகள் அரசுப் பணத்தில் நடப்பவை. கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. இடத்தினும் மிகுதியாகப் பிள்ளைகள் விண்ணப்பித்தால், குலுக்கல் முறையில் சேர்க்க வேண்டும். ஆயினும் வட்டாரக் கல்விக் குழுவின் அன்றாட ஆட்சிக்கு இவை உட்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்சிக்குழு உண்டு.

அக்குழு, இசைவளிக்கும் அமைப்பு ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. பிள்ளைகள் கல்வியில் முன்னேறுவர், பணம் ஒழுங்காகக் கையாளப்படும், சட்டம் மீறப்படாது என்பது அதன் சாரம். வாக்குத் தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமற் போகலாம், பள்ளியே மூடப்படலாம். உரிமை ஒரு கையில், பொறுப்பு மறு கையில்!

குழுவில் அமர்பவர் யார்? தம்முள் உறவில்லாத ஐவரேனும் இருக்க வேண்டும் என்கிறது மின்னசோட்டாச் சட்டம். அவர்களுள் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவர், பள்ளியில் ஊழியம் செய்யாத பெற்றோர் ஒருவர், பிள்ளை எவரும் அங்குப் பயிலாத பொதுமகன் ஒருவர் கட்டாயம் உண்டு. ஆசிரியருக்குப் பாடம் தெரியும். பெற்றோருக்குப் பிள்ளையைத் தெரியும். ஆனால் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்க யாருக்குத் தெரியும்? நல்லெண்ணம் மட்டும் கணக்கைப் படித்துவிடுமா?

ஆகவேதான் சட்டம் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. குழுவின் கடமை, ஊழியர் நியமன நெறி, பண நிருவாகம் ஆகியவற்றைப் புதிய உறுப்பினர் கற்க வேண்டும். 12 மாதங்களுக்குள் உரிய பயிற்சியை முடிக்காதவர் பதவியை இழப்பார். பழைய உறுப்பினர்க்கும் ஆண்டுதோறும் பயிற்சி உண்டு. நம் ஆய்வுக்கூடத்தில் நுழைபவனுக்கு முதல் நாளே தீயணைப்பான் இருக்குமிடத்தைக் காட்டுகிறோம் அன்றோ? தீப்பிடித்த பின் காட்டுவதில்லையே!

முதற் பாடம்: ஆள்வது வேறு, நடத்துவது வேறு

ஓர் ஆசிரியர் மீது குறை கூறி ஒரு தாய் அக்காவிடம் வந்தாராம். அக்கா வகுப்பறைக்குச் சென்று ஆசிரியரைக் கண்டித்திருக்கலாமா? கூடாது. தனி உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை. குழு முறையாகக் கூடி வாக்களிக்கும்போதுதான் அதிகாரம் பிறக்கிறது. அக்குறையைத் தலைமையாசிரியரிடம் தெரிவிக்குமாறு அத்தாய்க்கு வழிகாட்டுவதே அக்காவின் கடமை. தலைமையாசிரியர் குறைகளை எப்படித் தீர்க்கிறார் என்று குழுவிற் கேட்பதும் அவர் கடமையே. தேரோட்டியின் கையிலிருந்து கடிவாளத்தைப் பறிக்கவும் கூடாது. தேர் எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்கவும் கூடாது.

இரண்டாம் பாடம்: கணக்கு

பள்ளியின் வருவாய் பெரும்பாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளை ஒன்றுக்கு 9,000 டாலர் என்று கொள்க. 200 பிள்ளைகள் வருவர் என்று திட்டமிட்டால் வருவாய் 18,00,000 டாலர். வந்தவர் 180 பேரே என்றால் 1,80,000 டாலர் குறையும். அதாவது பத்தில் ஒரு பங்கு. வாடகையும் சம்பளமும் பத்தில் ஒரு பங்கு தாமாகக் குறையுமா? குறையா. இதை ஆண்டு முடிவில் தணிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்வது, தேர்வு முடிந்தபின் பாடத்தைத் திறப்பது போன்றது.

தம் இரண்டாம் கூட்டத்தில் அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "புதிய வருவாய் வராவிட்டால், கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்?" அறையில் சிறிது நேரம் பேச்சில்லையாம். விடை யாரிடமும் ஆயத்தமாக இல்லை. அடுத்த கூட்டம் முதல் அந்த ஓர் எண், மாத அறிக்கையின் முதல் வரியில் இடம்பெற்றது.

மூன்றாம் பாடம்: யார் பக்கம் நிற்பது?

பள்ளிக்கு ஒப்பந்தத்தில் பொருளோ பணியோ இடமோ வழங்கும் நிறுவனத்தின் உரிமையாளர் குழுவில் இருத்தல் ஆகாது. அவருடைய நெருங்கிய குடும்பத்தாரும் ஆகாது. கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வந்து அமரலாம். நல்லவரைச் சந்தேகிப்பதற்கு அன்று இவ்விதிகள். நல்லவர் மீது சந்தேகம் விழாமல் காப்பதற்கு.

இந்த வரியை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது.

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் முன்பணமாக 6,400 ரூபாயை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். செலவுக் கணக்கில் "சரி" என்று கையெழுத்தும் இட்டேன். பற்றுச்சீட்டைக் கேட்கவில்லை. நண்பனிடம் கேட்பதா என்ற கூச்சம்! ஆண்டுக் கூட்டத்தில் எவரோ சீட்டு எங்கே என்றார். அது தொலைந்து போயிருந்தது. எவரும் அவரைத் திருடர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் தம் உதவித்தொகையிலிருந்து நான்கு தவணைகளில் அப்பணத்தைக் கட்டினார். பிறகு மன்றத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் அன்றே ஒரு சீட்டைக் கேட்டிருந்தால் அவருடைய மதிப்பும் நிலைத்திருக்கும். எங்கள் நட்பும் நிலைத்திருக்கும்.

தோழர்களே, இது நம் மன்றத்தோடு முடியும் செய்தி அன்று. நம் நாட்டில் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அவர்கள் வேலை. அந்நாற்காலியில் அமரும் தாய் கேள்வி கேட்பாரா, காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் இடுவாரா என்பது, அவருக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. பட்டப்படிப்புப் படிக்கும் நானே படிக்காமல் கையெழுத்திட்டேன் என்றால், அவரைக் குறைகூற எனக்கு வாய் ஏது?

எனவே ஒரு வேண்டுகோள். புதிய செயற்குழு பொறுப்பேற்குமுன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோம். நம் பணி எது, பிறர் பணி எது? கையில் எவ்வளவு உள்ளது, அது எதுவரை போதும்? யாருக்கு எதில் ஆதாயம் உண்டு? இம்மூன்று கேள்விகளையும் பழைய கணக்கேட்டை வைத்துக்கொண்டே பயில்வோம். ஏட்டை நான் கொண்டு வருகிறேன். முதலில் சோதிக்க வேண்டிய கையெழுத்து என்னுடையது.

அந்த நண்பரையும் நேரில் சென்று அழைத்திருக்கிறேன். வருவார் என்றே நம்புகிறேன்.